பன்னிரண்டு உனக்கு, பன்னிரண்டு எனக்கு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளையும் சாத்துக்குடியையும் மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மலேரியாதானுங்க? அதுக்கா பதினோரு நாள் ஆஸ்பத்திரி?" எனக்கு வேறு ஏதோ பெரிய வியாதி வந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மலேரியா என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கையில் நேரமும் இருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்களிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு நான் சாத்துக்குடி உரிக்கலாம்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு கிணத்துக்கடவில். கம்பெனி விற்ற பம்பு எந்த ஊருக்குப் போகிறதோ அங்கே நானும் போவேன். அதை இறக்கி, நிறுத்தி, குழாய் கோத்து, தண்ணீர் வருவதைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவேன். என்னோடு எப்போதும் வருகிறவன் ரஃபி, உக்கடத்துக்காரன். கரண்ட் வேலை அவனுடையது, இரும்பு வேலை என்னுடையது. நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னைப் பங்காளி என்பான். பதினைந்து வருடமாக வெளியூரில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் சரிபாதி. ஒரு டீ சொன்னால் இரண்டு டம்ளர் கேட்போம். ஒரே ஒரு வாழைப்பழம் இருந்தால் அது நடுவில் ஒடிபடும். ரயிலில் ஒருவருக்கு மட்டும் படுக்கை கிடைத்தால் பாதி வழி அவன் படுப்பான், மீதி வழி நான். எங்கள் வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வருடம் உகாண்டாவுக்கு அனுப்பினார்கள். ஆற்றிலிருந்து ஒரு கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க நான்கு பெரிய பம்புகள், இரண்டு மாத வேலை. போகும்போதே மலேரியா வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று மூன்றாவது வாரத்தில் இருவரும் நிறுத்திவிட்டோம். கொசுவலை இருக்கிறதே என்று தைரியம்.

வேலை முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரஃபிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் எனக்கு. முகாமில் விரலைக் குத்திப் பார்க்கிற பரிசோதனை அட்டை இருந்தது. இருவருக்கும் மலேரியா என்று காட்டியது. மருந்துப் பெட்டியில் ஒரே ஓர் அட்டை மாத்திரைதான் மிச்சம். இருபத்து நான்கு மாத்திரை. வேளைக்கு நான்கு, நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள். அது ஒரு ஆளுக்கான கணக்கு. மழை ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டதால் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த டவுனுக்கு வண்டி போகவில்லை. ரஃபி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, வயர் வெட்டுகிற கத்தரியால் அந்த அட்டையை நடுவில் வெட்டினான்.

"பன்னெண்டு உனக்கு, பன்னெண்டு எனக்கு. போடு பங்காளி."

ஒன்றரை நாளில் இருவருக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து சாப்பிட்டோம். நான்காவது நாள் ரோடு சரியாகி டவுனுக்கு வண்டி போனது. ஏறிப் போய் ஆளுக்கொரு முழு அட்டை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நிஜமான தப்பு அதுதான். பங்கு போட்டதைக்கூட மன்னித்துவிடலாம், அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் மூடியைப் போட்டு போல்ட்டை முடுக்கிவிட்டுக் கிளம்புவதே எங்கள் பிழைப்பு. ஓடுகிற மோட்டாரை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். உடம்பையும் அப்படியே நினைத்தோம்.

"ஊட்டுக்குச் சொல்லிப்போடாத," என்றான் ரஃபி. "ஷமீமுக்குத் தெரிஞ்சா அடுத்த பிளைட்டுல ஏறி வாங்கன்னு உசுர வாங்கிருவா. ஓட்டிக்காட்டுற வேலை அப்படியே நின்னுபோகும்." ஷமீம் அவன் மனைவி. சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். பம்புகளை ஓட்டிக்காட்ட அவன் இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டியிருந்தது. நான் ஊருக்குத் திரும்பினேன்.

வந்த ஆறாவது நாள் மறுபடி காய்ச்சல். எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த நேரம். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார். வெளிநாடு போய்வந்ததை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மனைவி சுமதிதான் கேட்டாள். "ஏனுங்க, அங்கெல்லாம் மலேரியா இருக்குமாமே?" அதுக்குத்தான் மருந்து சாப்பிட்டாச்சே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ," என்றேன்.

மூன்றாம் நாள் என் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. மதியம் சுமதியைக் கூப்பிட்டு, "வால்வைச் சாத்து, தண்ணி திரும்புது," என்று சொன்னேனாம். "சாத்திட்டேனுங்க, வாங்க போலாம்," என்று சொல்லி, பக்கத்து வீட்டுக் காரில் என்னை ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாதி வழியில் நான் எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, பம்ப் ஹவுஸுக்கு என்றாளாம். பொய் சொல்லத் தெரியாதவள் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் காயத்ரி இருந்தார். சுமதி அவரிடம் சொன்ன முதல் வாக்கியம், "ஆப்பிரிக்காவுலிருந்து வந்து எட்டு நாளாச்சுங்க." அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார். காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறவர்கள் யாராயிருந்தாலும், எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் மலேரியாக் கிருமி உட்கார்ந்திருப்பது அதில் தெரியும். எனக்கு நூறு சிவப்பணுவில் எட்டில் கிருமி. எட்டுத்தானா என்று எனக்குத் தோன்றியது. அது மிக அதிகமாம். மலேரியாவில் பல வகை உண்டு. எனக்கு வந்தது ஆளைக் கொல்லும் வகை. கிருமி புகுந்த அணுக்கள் பிசுபிசுத்து, மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நான் வால்வு, தண்ணீர் என்று பேசியிருக்கிறேன். சிறுநீரகமும் மந்தமாகியிருந்தது.

ஐசியுவில் போட்டு, ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இந்த வகை மலேரியாவுக்கு இப்போது இருப்பதிலேயே வேகமான மருந்து அது. மறுநாள் காலை எனக்கு நினைவு தெளிந்தது. டாக்டர் கட்டிலருகில் நின்று கேட்டார்.

"அங்க இருக்கறப்ப காய்ச்சல் வந்துதுங்களா? ஏதாவது மலேரியா மாத்திரை சாப்பிட்டீங்களா?"

சுமதி பக்கத்தில்தான் இருந்தாள். சொன்னால் அவளுக்குத் தெரியும், அவள் வழியாக ஷமீமுக்குத் தெரியும். "இல்லீங்க," என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஐசியுவில் பகல் எது இரவு எது என்று தெரியாது. எப்போதும் ஒரே விளக்கு, ஒரே பீப் சத்தம். எனக்கு வந்த ஆறுதல் எல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான். காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். சுமதி வந்து காலைப் பிடித்துவிடுவாள். கையில் ஊசி இருப்பதால் கையைத் தொட அவளுக்குப் பயம். அவளுக்கு வெளியே துணை ஷமீம். உக்கடத்திலிருந்து பஸ் ஏறி, தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்து, காத்திருக்கிற கூடத்தில் சுமதியை உட்காரவைத்துக் குடிக்கவைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் சுமதி வேண்டாமென்றதற்கு, "அவங்க ரெண்டு பேரும்தான் பாதிப்பாதி சாப்பிடோணுமா அக்கா?" என்று கேட்டுத் தானும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டாளாம். சுமதி இதைச் சொல்லிச் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை.

கிருமியின் எண்ணிக்கையைத் தினமும் பார்த்தார்கள். முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து, என் கண்ணைப் பார்க்காமல் கட்டிலில் தொங்கிய தாளைப் பார்த்தார்.

"இன்னிக்கு நாலு இருக்குதுங்க," என்றார். "இந்த மருந்துக்கு இந்நேரம் ஒண்ணு ரெண்டத் தேடித்தான் புடிக்கோணும். உங்களுக்கு மருந்து வேலை செய்யுது, ஆனா ரொம்ப மெதுவா."

மெதுவா வேலை செய்தால் என்ன, வேலை செய்கிறதே என்று கேட்டேன். "அது மெதுவா சாகற வரைக்கும் உங்க கிட்னி தாங்கோணுமில்லீங்களா?" என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை பெரிய ஆஸ்பத்திரி, விலை கூடிய மருந்து, தப்பித்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். அவர் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெட்டின அட்டையும் அந்தக் கத்தரியும் கண்முன் வந்துகொண்டே இருந்தன.

பதினொரு மணிக்கு சுமதியோடு ஷமீமும் உள்ளே வந்தாள். இருவருக்கும் ஐந்தைந்து நிமிடம் என்று நர்ஸிடம் பேசி வாங்கியிருந்தாள்.

"நல்லாயிருவீங்கண்ணா," என்றாள். பிறகு மெதுவாக, "அவரு அங்க நல்லாத்தான இருக்காரு? ரெண்டு நாளா போன்ல குரலே சரியில்ல. கேட்டா தூசிங்கறாரு," என்றாள்.

நான் ஒத்துக்கொள்கிறேன். என் உயிருக்காக மட்டும் பயந்திருந்தால் ஒருவேளை வாயைத் திறந்திருக்கமாட்டேன். சொன்ன சொல் தவறாதவன் என்று பெயர் எடுத்தே செத்திருப்பேன். ஆனால் எனக்கு மறுபடி வந்தது அவனுக்கும் வரும். அவன் இருக்கிற இடத்தில் ஐசியு கிடையாது, டாக்டர் காயத்ரி கிடையாது. மழை பெய்தால் ரோடுகூடக் கிடையாது.

"ஷமீமு, அங்க ரெண்டு பேருக்கும் மலேரியா வந்துதும்மா," என்றேன். அட்டை வெட்டியதையும், பன்னிரண்டோடு நிறுத்தியதையும், ரோடு திறந்த பிறகும் வாங்கப் போகாததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஷமீம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மணி நேரப் பயணத்த மிச்சம் பண்ணி எந்தத் தோட்டத்த வாங்கப் போனீங்க?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டார். என்னால்தான் மருந்து கேட்காமல் போய்விட்டதா என்று கேட்டேன்.

"முழுசா உங்களாலன்னு சொல்லமாட்டேங்க. அந்த நாட்டுப் பக்கம் இந்த மருந்துக்கே தாக்குப்புடிக்கற கிருமி ஏற்கெனவே இருக்குது. அதுதான் உங்களக் கடிச்ச கொசுவுலயும் இருந்திருக்கும். ஆனா பாதி மருந்து சாப்பிட்டா லேசான கிருமியெல்லாம் செத்துப்போகும். கெட்டிக்காரக் கிருமி மட்டும் மிஞ்சும். அதுக்கு உங்க உடம்பு பூராவும் காலியிடம்."

எங்கள் பக்கம் தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மேலே பிடித்து இழுத்தால் புல் கைக்கு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். பாத்தி சுத்தமாகத் தெரியும். பத்து நாளில் பழையபடி முளைத்து நிற்கும்.

"நீங்க கேட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு நாள் மிச்சமாயிருக்கும்," என்றார். அன்று மதியமே ஆர்ட்டிசுனேட்டோடு குயினைன் என்ற பழைய மருந்தையும் சேர்த்து ஏற்றினார்கள். கிருமியின் மரபணுவைப் பார்ப்பதற்கு ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். இதை எழுதுகிற வரைக்கும் அந்த முடிவு வரவில்லை.

டாக்டர் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே ஷமீம் வீடியோவில் ரஃபியைப் பிடித்துவிட்டாள். நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீக்கிரம் என்று கையைக் காட்டினார். பின்னால் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. ரஃபியின் முகம் இளைத்திருந்தது.

"என்ன பங்காளி, மெத்தையில சொகமாப் படுத்துட்ட," என்றான்.

"பாய், அந்தப் பாதி பத்தல. எனக்குத் திரும்பிருச்சு. ஷமீம்கிட்டச் சொல்லிப்போட்டேன். உனக்கும் உள்ள இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போ."

"எனக்கொண்ணுமில்ல. சாயங்காலமானா கொஞ்சம் தலைவலி. வெயிலு."

"காச்சல்?"

முகத்தைப் பம்புப் பக்கம் திருப்பிக்கொண்டான். "லேசா," என்றான்.

ஷமீம் என் கையிலிருந்து போனை வாங்கினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "இப்பவே கெளம்புங்க. வண்டியில ஏறி உக்காந்து எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் போன வெக்கமாட்டேன்," என்றாள். நர்ஸ் அவளை வெளியே அழைத்துப் போனார். கூடத்து நாற்காலியில் முக்கால் மணி நேரம் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். அவன் ஜீப்பில் ஏறி, கதவைச் சாத்தி, ஜீப் நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினாள். கைக்கு சுமதி தைலம் தேய்த்துவிட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ரஃபியின் ரத்தத்திலும் கிருமி இருந்தது. எனக்கு இருந்ததில் சிறு பங்குதான், இன்னும் முற்றவில்லை. முன்பு சாப்பிட்ட மாத்திரையை மறுபடி கொடுக்காமல் வேறு மருந்துகள் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று, மூன்று நாள். அங்கேயே படுக்கவைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே விழுங்கச் சொன்னார்கள். டாக்டர் காயத்ரி போனிலேயே அந்த டாக்டரிடம் என் கதையையும் சொல்லி வைத்தார்.

குயினைனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது காதுக்குள் ரீங்காரமிட வைக்கும். எனக்கு பேரிங் தேய்ந்த மோட்டார் ஒன்று தலைமாட்டில் ஓடிக்கொண்டிருப்பது போலிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து போய் நிறுத்துவேன். இப்போது நிறுத்த வழியில்லாமல் படுத்துக் கிடந்தேன். சர்க்கரை திடீரென்று இறங்கும் என்று மணிக்கொரு தரம் விரலைக் குத்தினார்கள். இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் ரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தவர் யாரென்று தெரியாது, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நாலு இரண்டானது. இரண்டு அரையானது. அந்த அரை ஒரு நாள் முழுக்க நகராமல் நின்றது. அன்று சுமதி சாப்பிடவில்லை என்பதை ஷமீம்தான் எனக்குச் சொன்னாள். ஏழாம் நாள் காலை டாக்டர் வந்தபோது தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரு தனித்தனியா தேடிப் பாத்தாங்க. ஒண்ணுகூட இல்லீங்க," என்றார். சுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

பிறகு வார்டில் நான்கு நாள், மாத்திரையாகக் குயினைனும் கூடவே இன்னொரு மருந்தும். வீட்டுக்கு வந்த பிறகும் மிச்சத்தைச் சாப்பிட வேண்டியிருந்தது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பசி வந்துவிட்டது. காது மட்டும் இரைந்தது. ஒரு வேளை விட்டால் என்ன என்று இத்தனைக்குப் பிறகும் எனக்குத் தோன்றியதை மறைக்கவில்லை. சுமதி மூன்று வேளையும் தண்ணீர் டம்ளரோடு எதிரில் நின்றாள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். இப்போது வாரத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். ஆர்ட்டிசுனேட் ஏற்றிய பிறகு சில பேருக்கு வாரங்கள் கழித்தும் சிவப்பணுக்கள் உடையுமாம். அது முடிகிற வரைக்கும் சாத்துக்குடியும் கேள்விகளும் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லிப்போன அதே ஏழாம் நாள், மதியம், ரஃபியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவன் உள்ளங்கையில் ஒரு மாத்திரை அட்டை. வெட்டுப்படாத முழு அட்டை. சுமதி போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, காலிக் குழிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்பதும் காலி. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

"உனக்கு ஒண்ணுகூட வெக்கல பங்காளி."